சட்டைப் பாக்கெட்டுக்குள் வைக்கும் பேனா உறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கத்து மில்களில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலையில் 23 வருஷம் ஓட்டியவன் நான். என் சட்டை ஜோப்பில் இருக்கும் உறையைப் பார்த்து, "இது என்னங்ணா, எங்க கெடைக்கும்?" என்று கேட்காத ஷிஃப்ட் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதையும், கேட்காமலே சிலருக்கு நான் எடுத்துச் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேனா உறை என்றால் எது? பேனா மூடியா, ஜிப் வைத்த பவுச்சா?

இரண்டும் இல்லை. சட்டையின் நெஞ்சுப் பாக்கெட்டுக்குள் இறக்கி வைக்கும் தட்டையான பை. முன்பக்கம் பாக்கெட்டின் வாய்வரை வந்து, அங்கிருந்து வெளியே மடிந்து நாக்கு மாதிரித் தொங்கும். பின்பக்கம் பாக்கெட்டைவிட இரண்டு மூன்று செ.மீ. உயரமாக நிற்கும். பேனாக்களை இதற்குள் போட்டு, கிளிப்பை அந்த நாக்கின் மேல் மாட்ட வேண்டும். இணையத்தில் தேடுவதானால் "பாக்கெட் புரொடெக்டர்" என்று தேடுங்கள். ஸ்டேஷனரி கடையில் "பென் பவுச்" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜிப் பைதான் வரும்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஹர்லி ஸ்மித் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தில் இருந்தவர். கூட வேலை பார்த்தவர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் பாக்கெட் ஓரத்தில் நைந்தும் மைக்கறை படிந்தும் கெடுவதைப் பார்த்து இதைச் செய்தார். 1943இல் விண்ணப்பித்து, 1947 மார்ச்சில் காப்புரிமை வாங்கினார். 1952இல் லாங் ஐலண்டைச் சேர்ந்த கெர்சன் ஸ்ட்ராஸ்பர்க் என்பவரும் இதே மாதிரி ஒன்றைச் செய்து, தான்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார். காப்புரிமைத் தேதியைப் பார்த்தால் ஸ்மித்தான் முந்தியவர்.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மில்டன் ரெனால்ட்ஸ் என்பவர் நியூயார்க்கில் பால்பாயிண்ட் பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1945 அக்டோபர் 29ஆம் தேதி. ஒன்று 12.50 டாலர். கூட்டம் அலைமோதியது. அந்த ஆரம்பகாலப் பேனாக்கள் கசிவதற்குப் பேர்போனவை. ஊரெல்லாம் ஒழுகும் பேனா புழங்கத் தொடங்கிய நேரத்தில் ஒழுகினாலும் சட்டையைக் காப்பாற்றும் உறையும் வந்து சேர்ந்தது. கம்பெனிகள் தங்கள் பெயரை அந்த நாக்கில் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கவே, நம்மூரில் மெடிக்கல் ரெப் டாக்டருக்குப் பேனா கொடுப்பதுபோல அது பரவிவிட்டது.

அமெரிக்காவில் இதைக் கேலி செய்வார்களாமே? நான் வைத்தால் சிரிப்பார்களா?

அங்கே உண்மைதான். 1980களில் இருந்து சினிமாவிலும் டிவியிலும் 'படிப்புப் பைத்தியம்' பாத்திரத்துக்கு அடையாளமே தடித்த கண்ணாடியும் இந்த உறையும்தான். அதற்கு முந்தைய தலைமுறையில் இதே உறையோடு ஸ்லைடு ரூல் (கால்குலேட்டருக்கு முன்பு இருந்த, நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்கேல்) பிடித்துக் கணக்குப் போட்ட இன்ஜினியர்களை யாரும் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை. 1972இல் ஹியூலட் பேக்கார்ட் கம்பெனி எச்பி-35 கால்குலேட்டரைச் செய்தபோது, முதலாளி பில் ஹியூலட்டின் சட்டைப் பாக்கெட்டில் அடங்க வேண்டும் என்பதுதான் அதன் அளவுக்குக் கணக்கு. அந்தளவுக்கு மரியாதை இருந்த பாக்கெட் அது.

நம்மூரில் நெஞ்சில் பேனா என்றால் யாரும் சிரிப்பதில்லை. அம்பேத்கர் சிலையைப் பாருங்கள், கோட்டுப் பையில் பேனா இல்லாத சிலையைக் காண்பது அரிது. கிராமத்தில் மனு எழுதிக் கொடுப்பவர், வி.ஏ.ஓ., வாத்தியார் என்று எழுதத் தெரிந்தவரை ஜோப்பைப் பார்த்தே கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. பேனாவுக்கு இந்த ஊரில் பஞ்சாயத்து இல்லை. பேனாவோடு சேர்த்து வேறு என்னென்ன அந்த ஜோப்புக்குள் போகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. அதைக் கீழே சொல்கிறேன்.

சாதாரணப் பாக்கெட்டே போதாதா?

உங்கள் பழைய சட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் நைவது பாக்கெட் வாயின் மடிப்பு. கிளிப்பின் நுனியில் இருக்கும் சின்ன குமிழ் உட்காரும் இடத்தில் நூல் வெளுத்து, மயிர் மயிராகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பேனாவை உருவும்போது அந்தக் குமிழ் அதே இரண்டு மில்லிமீட்டரில்தான் உரசுகிறது. அடுத்தது அடி மூலை. பேனாவின் வால் குத்திக் குத்தி அங்கே கடுகளவு ஓட்டை விழும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: பாக்கெட்டுக்கு மேலே, சட்டையின் நெஞ்சிலேயே ஒரு மங்கலான நீலக் கோடு. பேனாவின் தலை உரசி வந்த அழுக்கு அது. உறையின் பின்பக்கம் உயரமாக இருப்பது இந்த மூன்றாவதுக்காகத்தான்.

பேனா ஏன் பாக்கெட்டில் கசிகிறது? மலிவுப் பேனாவா இருந்தால்தானே?

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நான் பார்த்த கறைகளில் பாதிக்கு மேல் பேனாவின் தப்பே இல்லை, மனுஷனின் அவசரம்தான்.

மூடி போட்ட பேனாவை ஜோப்பில் மாட்டினால் முனை மேலே பார்க்கும், ஏனென்றால் கிளிப் மூடியில் இருக்கிறது. கிளிப் பேனாவின் உடம்பில் இருக்கும் கிளிக் பேனாவுக்கு முனை கீழே. இப்போது நம் பழக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துப் போட மூடியைக் கழற்றி வாலில் செருகுகிறோம். போட்டு முடித்ததும் யாரோ கூப்பிடுகிறார்கள். மூடி வாலிலேயே இருக்க, அப்படியே ஜோப்பில் மாட்டிவிடுகிறோம். இப்போது திறந்த முனை கீழே, துணியின் மேல். துணி திரி மாதிரி மையை உறிஞ்சும். சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போது ஐந்து ரூபாய் அளவுக்கு நீல வட்டம். கிளிக் பேனாவில் கதை வேறு: முனையை உள்ளே இழுக்க மறந்திருப்போம், அல்லது மேஜையில் சாய்ந்து எழுதும்போதோ குழந்தையைத் தூக்கும்போதோ பொத்தான் தானாக அமுங்கியிருக்கும்.

அப்புறம்தான் பேனாவின் குறை வருகிறது. கீழே விழுந்து முனை அடிபட்டால் உருண்டைக்கும் அதைப் பிடித்திருக்கும் விளிம்புக்கும் இடையே இடைவெளி கூடிவிடும். அந்தப் பேனா நிற்காமல் பிசுபிசுக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் கிடந்த பேனாவில் மை இளகி ஓடும். பால்பாயிண்ட் ரீஃபிலின் பின்முனை திறந்தே இருப்பதால் அந்தப் பக்கமும் வழியும். விழுந்து அடிபட்ட பேனாவை மேஜை டிராயருக்கு அனுப்புங்கள், நெஞ்சில் வேண்டாம்.

இங்க் பேனா வைக்கலாமா?

வைக்கலாம், முள் மேலே பார்க்க. இங்க் பேனாவில் மையைவிட அதற்கு மேலே இருக்கும் காற்றைத்தான் பயப்பட வேண்டும். உடம்புச் சூட்டில் காற்று விரியும், விரிந்தால் மையை முள்வழியாகத் தள்ளும், மூடிக்குள் தேங்கும். டிராப்பரால் மை ஊற்றி நிரப்பும் பழைய வகைப் பேனாவில் இது அதிகம், அதன் உடம்பே மைக்குடம். அதில் மை கால்வாசிக்குக் கீழே போனால் காற்று முக்கால்வாசி, கக்குவதற்கு அப்போதுதான் வாய்ப்பு அதிகம். பலர் "மை குறைவாக இருந்தால் கசியாது" என்று நினைப்பது தலைகீழ். பாக்கெட்டில் வைத்துச் சுற்றுவதானால் நிரப்பியே வையுங்கள். எபனைட் (கெட்டி ரப்பர்) பேனா வைத்திருப்பவர்கள், குறிப்பாக திருவள்ளூரில் கையால் கடைந்து கொடுக்கும் பேனாக்களின் ரசிகர்கள், இதை ஏற்கெனவே சட்டையால் படித்திருப்பார்கள்.

டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இதிலேயே வைக்கலாமா?

என் பதில்: நடக்கும்போது வைக்கலாம், குனியும்போது கூடாது. ஆனால் நம் வேலையில் குனியாத நிமிஷம் எது? அதனால் வைக்காதீர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு மில்லில் பேனல் போர்டுக்குள் தலையை விட்டு, கேபிள் நுனியில் மாட்டும் லக் ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் இரண்டு பேனா, ஒரு அரை அடி ஸ்டீல் ஸ்கேல், ஒரு டெஸ்டர். இன்னும் கொஞ்சம் எட்டுவதற்காக வலது தோளை இறக்கினேன். டெஸ்டர் நழுவியது தெரியவில்லை, "டிங்" என்று சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன். பஸ்பாரில், அதாவது கரன்ட் ஓடும் உலோகப் பட்டைகளில், ஆர் ஃபேஸுக்கும் ஒய் ஃபேஸுக்கும் நடுவில் குறுக்காக, அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. பிரேக்கரை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை என் இடுப்பில் வைத்திருந்தேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 415 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தால் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வெல்டிங் நடந்திருக்கும். கூட இருந்த ஹெல்பர் பையன், "அண்ணா, நீங்க சாமி கும்புட்டுட்டுத்தான வந்தீங்க?" என்றான். சாமியோடு சேர்த்து அந்தப் பூட்டையும் கும்பிட்டேன். அன்றைக்கே டெஸ்டர் இடுப்புக்கு இறங்கியது.

டெஸ்டருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குள் ஒரு நியான் பல்பும், மெகா ஓம் கணக்கில் ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. நீங்கள் டெஸ்டரின் தலையைத் தொட்டதும் உங்கள் உடம்பு வழியாக மிகமிகச் சின்ன கரன்ட் போகிறது, பல்பு எரிகிறது. அந்தக் கரன்டைச் சின்னதாக வைத்திருப்பது அந்த ஒரு ரெசிஸ்டர் மட்டும்தான். ஜோப்பில் சாவியோடும் சில்லறையோடும் அடிபட்டு பிளாஸ்டிக் விரிசல் விட்டு, வியர்வை உள்ளே போன டெஸ்டரை நம்பி 230 வோல்ட்டில் கை வைப்பது வீண் துணிச்சல். இடுப்புப் பட்டையில் தொங்கும் ரெக்ஸின் அல்லது தோல் பவுச்சில் அதற்கென்று தனி அறை கொடுங்கள்.

அப்படியானால் நெஞ்சில் வேறு எதெல்லாம் கூடாது?

கூர்மையானது எதுவும் முனை மேலே பார்க்க இருக்கக் கூடாது. ஸ்க்ரைபர், காம்பஸ், சர்ஜிக்கல் பிளேடு, மூடியில்லாத கட்டர். குனிந்தால் தாடைக்கும் கண்ணுக்கும் நேராக வருவது அதுதான். முனையைக் கீழே வைத்தால் தடுக்கி விழும்போது விலாவில் ஏறும். ஆகவே கூர்மையானது நெஞ்சுக்கு வேண்டாம், விஷயம் முடிந்தது. லேத் ஓட்டுபவர்கள் பேனாவைக்கூட நெஞ்சில் வைக்காதீர்கள். வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக்குக்கு மேலே குனியும்போது விழும் பேனா விழுந்த இடத்தில் கிடக்காது, தோட்டா மாதிரி வரும்.

எம்ஆர்ஐ அறைக்குள் போகும் ஊழியர்கள், நோயாளியோடு போகும் உறவினர்கள் எல்லாருமே ஜோப்பைத் துழாவிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் காந்தம் இரும்புள்ள பேனா, கத்தரிக்கோல், ஹேர்பின் எதையும் பறக்கவிட்டு இழுத்துக்கொள்ளும்.

சரி, எதைத்தான் வைப்பது?

இரண்டு பேனா, ஒரு மார்க்கர், ஒரு பென்சில், ஒரு சின்ன நோட்டு. மருத்துவமனையில் வேலை என்றால் பேனா டார்ச். அரை அடி ஸ்கேல் வைக்கலாம், ஆனால் கரன்ட் வேலைக்குப் போகும்போது ஸ்டீல் ஸ்கேலைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்கேல். இதற்கு மேல் ஏற்றினால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு காலர் கோணலாகும். கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் மேல் பாக்கெட்டே கூடாது என்கிறார்கள். ஏன்?

அவர்கள் சொல்வது சரி. பிஸ்கட், பால், மருந்து செய்யும் இடங்களில் இடுப்புக்கு மேலே பாக்கெட்டே இல்லாமல் யூனிஃபார்ம் தைப்பார்கள். குனிந்தால் பேனா மூடி மாவுக்குள் விழும், அவ்வளவுதான் காரணம். அங்கே பேனா தேவைப்பட்டால் மெட்டல் டிடெக்டரில் சிக்கும்படி செய்த நீலநிறப் பேனா கொடுப்பார்கள். உணவில் இயற்கையாக நீலம் அரிது என்பதால் கண்ணுக்கும் சட்டென்று படும். விமானப் பராமரிப்பில் ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை விடமாட்டார்கள்.

நூற்பாலைக்காரன் என்பதால் எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் பஞ்சோடு ஓர் இரும்புத் துண்டு போனால், பஞ்சை அடிக்கும் பீட்டரில் அடிபட்டுப் பொறி பறக்கும், பஞ்சு பற்றிக்கொள்ளும். அதற்காகவே வழியில் காந்தம் வைத்துப் பொறுக்குவார்கள். அந்தக் காந்தத்தைச் சுத்தம் செய்யும்போது போல்ட், வாஷர், பேல் கட்டிய கம்பித் துண்டு இவற்றோடு பேனா கிளிப்பும் கிடைக்கும். எந்தப் புண்ணியவான் ஜோப்போ என்று ஒவ்வொருவராகப் பார்ப்போம், யாரும் ஒத்துக்கொண்டது கிடையாது. ப்ளோரூமுக்குள் போகும்போது நான் உறையோடு உருவி மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். உறையால் வரும் பெரிய லாபமே இது. ஐந்து சாமானை ஒவ்வொன்றாக எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது, ஒரே கையில் மொத்தமாக எடுப்பதென்றால் செய்வார்கள்.

எந்த மெட்டீரியல் நல்லது?

கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் மெல்லிய பிவிசி. மை கசிந்தாலும் சட்டைக்கு வராது, விலை மலிவு. அதில் மூன்று சில்லறைத் தொல்லைகள் உண்டு. பிவிசியை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் மெல்ல வெளியேறும், அப்போது உறை மடிப்பில் விறைத்து வெடிக்கும். பால்பாயிண்ட் மை அதற்குள்ளேயே ஊறிவிடும், கழுவினாலும் போகாது. மூன்றாவதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு மாதிரி வெப்பத்தில் அச்சாகும் காகிதத்தை அதற்குள் வைத்தால் சில நாளில் எழுத்து மாயமாகும், ஜெராக்ஸ் காகிதத்தின் எழுத்து உறையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரண்டி பில்லை வெள்ளைத் தாளாகக் கடைக்காரரிடம் நீட்டியிருக்கிறேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், பில்லு?" என்றார்.

ரெக்ஸின் நீடிக்கும், என் ஓட்டு அதற்குத்தான். தோல் அழகாக இருக்கும், ஆனால் வியர்வையும் மழையும் படும் நம் சீதோஷ்ணத்தில் ஐப்பசி மாதம் ஒரு முறை பூசணம் துடைக்க வேண்டியிருக்கும். துணி உறை மையைத் தடுக்காது, நைவதை மட்டும் தடுக்கும். எலெக்ட்ரானிக்ஸ் போர்டு பழுது பார்ப்பவர்கள் பிவிசியைத் தவிருங்கள். உரசினால் நிலைமின்சாரம் ஏறும், சிப்பைக் கொல்லும். அவர்களுக்கென்று தனியாக விற்கும் உறையை வாங்குவதே நல்லது.

வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், ஒரு மணி நேர வேலை. முதலில் உங்கள் பாக்கெட்டை அளந்துகொள்ளுங்கள். என்னுடையது உள்ளே 11 செ.மீ. அகலம், 13 செ.மீ. ஆழம். உறையின் உள் அகலம், அதாவது தையலுக்குத் தையல், பாக்கெட்டைவிட 2 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பேனாக்கள் உள்ளே போனதும் அது புடைத்துக்கொண்டு இடம் கேட்கும். சரியாக 11 வைத்துத் தைத்த என் முதல் உறை ஜோப்புக்குள் போகவே மறுத்தது.

காகிதம் செருகி வைக்கும் எல் வடிவ பிளாஸ்டிக் ஃபோல்டர் ஒன்று எடுங்கள். அதன் மடிந்த ஓரம்தான் உறையின் அடி, அங்கே தையலே வேண்டாம். அந்த மடிப்பிலிருந்து 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். பின்பக்கம் 16 செ.மீ. உயரம். முன்பக்கம் 18 செ.மீ., அதில் 13 செ.மீ. மேலேறியதும் மீதி 5 செ.மீ. வெளியே மடிந்து நாக்காகும். மடிப்புக் கோட்டை ஸ்கேல் வைத்து, எழுதாத ரீஃபில் முனையால் ஒரு முறை கீறிவிட்டு மடித்தால் நேராக வரும். இரண்டு பக்கமும் அடியிலிருந்து 13 செ.மீ. வரை, ஓரத்திலிருந்து அரை செ.மீ. விட்டுத் தையல்.

தையல் நெருக்கமாக வேண்டாம். நெருங்கினால் பிளாஸ்டிக் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, ஒரு மாதத்தில் கோட்டோடு கிழியும். மிஷினில் இருப்பதிலேயே நீளமான தையலாக வையுங்கள். மெழுகுவத்தியில் காட்டி ஒட்டலாமே என்று ஒரு தம்பி கேட்டார். எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் அதைச் செய்யாதீர்கள், பிவிசி கருகினால் வரும் புகை அமிலப் புகை, தொண்டையை அறுக்கும். நாக்கின் மூலைகளைக் கத்தரியால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கீறும்.

ரெக்ஸினில் வேண்டுமென்றால் இதே அளவை அட்டையில் வெட்டிக்கொண்டு, பை தைப்பவரிடமோ செருப்புக் கடை அண்ணனிடமோ கொடுங்கள். நான் கொடுத்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜோப்புக்கே ஒரு ஜோப்புங்களா?" என்று கேட்டார். இதைவிடச் சுருக்கமாக இந்தச் சாமானை யாரும் விளக்கியதில்லை.

தையல்காரரிடம் பாக்கெட்டிலேயே பேனாவுக்குத் தனி இடம் வைக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். பாக்கெட்டின் ஓரத்தில் 3 செ.மீ. விட்டு மேலிருந்து கீழே ஒரு தையல், பேனா சாயாமல் நிற்கும். மைக்கு அது எந்தத் தடையும் இல்லை, அதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

குர்த்தியிலும் சுடிதாரிலும் பாக்கெட்டே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

நியாயமான புகார், தையல் உலகம்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் குவாலிட்டி லேபில் வேலை பார்த்த அக்கா ஒருவர் அடையாள அட்டைக் கயிற்றின் பின்னால் ஒரு சின்ன ரெக்ஸின் உறையைத் தைத்து மாட்டியிருந்தார். நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு: இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த கயிறாக இருக்க வேண்டும், சுற்றும் மிஷின் அருகே கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. லேப் கோட் போடுபவர்களுக்கு நெஞ்சுப் பாக்கெட் உண்டு, மேலே சொன்ன அளவு பொருந்தும்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். இடது ஜோப்பில் இவற்றை வைக்கலாமா?

சாதாரணப் பேனா பிரச்சினை இல்லை. காந்த முனை ஸ்க்ரூடிரைவர், காந்தத்தால் ஒட்டும் பேனா, காந்த மூடி உள்ள உறை, செல்போன் இவையெல்லாம் கருவியிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளியே இருக்க வேண்டும். சட்டையின் ஒரே பாக்கெட் இடது நெஞ்சில், கருவியும் பெரும்பாலும் அங்கேதான். உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விமானத்தில் போகும்போது?

ஸ்க்ரூடிரைவர், பிளேடு எல்லாம் செக்-இன் பெட்டிக்குள். வாசலில் ஞாபகம் வந்தால் டெஸ்டரைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இங்க் பேனாவை முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலி செய்து, முள் மேலே பார்க்க வையுங்கள். மேலே ஏறும்போது கேபின் காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரியும்.

பேனா மூடியின் உச்சியில் ஓட்டை எதற்கு? அது வழியாகத்தான் கசிகிறதா?

இல்லை. குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டாலும் மூச்சு போய்வர வேண்டும் என்பதற்காக. ஐஎஸ்ஓ 11540 என்று இதற்குத் தரவிதியே இருக்கிறது. அந்த ஓட்டையை மெழுகால் அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

எல்லாம் மீறிக் கறை பட்டுவிட்டது. எப்படி எடுப்பது?

பால்பாயிண்ட் மைக்குத் தண்ணீர் எதிரி இல்லை, ஸ்பிரிட்தான் எதிரி. கறைக்கு அடியில் மடித்த பழைய துணி, மேலே பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஹேண்ட் சானிடைசர். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள், அடித்துணி நீலமாக மாறினால் இடம் மாற்றுங்கள். தேய்த்தால் ஐந்து ரூபாய் வட்டம் தோசை அளவு ஆகும். சாயம் போகும் சட்டையா என்று உள்மடிப்பில் ஒரு துளி விட்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். இங்க் பேனா மைக்கு மாறாக உடனே குளிர்ந்த தண்ணீர், நிறைய. கறை போவதற்குமுன் இஸ்திரி போட்டால் சூட்டில் மை துணியோடு ஐக்கியமாகிவிடும். இஸ்திரிக்காரரிடம் கொடுக்கும்முன் ஜோப்பைத் துழாவுங்கள். ஒரு பேனா உள்ளே இருந்துவிட்டால் உங்கள் சட்டையோடு பக்கத்து வீட்டுச் சட்டைகளும் போகும்.

உறையை எப்படிச் சுத்தம் செய்வது?

மாதம் ஒரு முறை தலைகீழாகத் தட்டுங்கள். பென்சில் தூள், பஞ்சு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்த பொடி, தொலைந்துபோனதாக நினைத்த ஒரு ஃபியூஸ் என்று எல்லாம் கொட்டும். ஈரத்துணியில் துடைத்து நிழலில் காயவையுங்கள். ரப்பரையும் பிளாஸ்டிக் ஸ்கேலையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். ரப்பரை மெத்தென்று ஆக்கச் சேர்த்த பொருள் ஸ்கேலை இளக்கி இரண்டையும் ஒட்டவைத்துவிடும். பிரித்தால் ஸ்கேலில் 4க்கும் 7க்கும் நடுவே எண்களே இருக்காது.